நின்ற இதயத்தைத் துடிக்க வைத்த மின் பொறியாளர்



மின்விசிறி ஓடவில்லை என்றால் மின்பணியாளரைக் கூப்பிடுகிறோம். மனிதனின் இதயம் ஓடவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவோம்? டாக்டரைத்தான் கூப்பிடுவோம். ஆனால், நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்களுள் முதன்மையான ஒருவர் டாக்டர் அல்ல, மின் பொறியாளர்! கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர். அதிலும் ஒரு வியப்பு உண்டு. அவருடைய மிகப் பெரிய வேலை, அவர் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் நடந்தது.

அவர் பெயர் வில்லியம் பென்னட் கவன்ஹோவன். உலகெங்கும் மருத்துவம் படிப்பவர்கள் அறிந்த பெயர் இது. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நாமும் ஓர் உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளலாம்.

பிறப்பும் படிப்பும்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் புரூக்ளின் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1886-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் கவன்ஹோவன் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில்தான் மின்சார விளக்குகள் ஊருக்கு ஊர் வரத் தொடங்கியிருந்தன. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு மின்சாரம் ஒரு மாயவித்தை போலத் தோன்றிய காலம் அது.

புரூக்ளினில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார். பிறகு ஜெர்மனி நாட்டின் கார்ல்ஸ்ரூ நகருக்குச் சென்று, 1913-இல் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு அவர் பிறகு எங்கும் போகவில்லை. 1938 முதல் 1954 வரை அங்கே பொறியியல் பிரிவின் தலைவராகவும் இருந்தார்.

கம்பத்தில் ஏறியவர்களுக்கு வந்த ஆபத்து

மழை பெய்து மின்சாரம் நின்றுவிட்டால், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தான வேலை அது. 1920-களில் அமெரிக்காவில் மின்கம்பிகள் வேகமாகப் பரவின. அதே வேகத்தில், மின்சாரம் தாக்கி இறந்த தொழிலாளர்களின் எண்ணிக்கையும் கூடியது. சிலர் உடம்பில் பெரிய காயமே இருக்காது. ஆனால் உயிர் போயிருக்கும்! ஏன் என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

இதற்கு விடை தேட விரும்பிய மின் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. 1928-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் அந்த உதவி கிடைத்தது. கவன்ஹோவன் மின்சாரம் அறிந்தவர். உடலை அறிந்த இருவர் அவருடன் சேர்ந்தார்கள். ஒருவர் டொனால்ட் ஹூக்கர், மற்றவர் ஆர்த்தெல்லோ லாங்வொர்த்தி. பொறியாளரும் மருத்துவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

தேர் ஏன் நகரவில்லை?

அவர்கள் ஆராய்ந்தது என்ன என்பதை நம் மதுரைத் தேரை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மன் தேரை மாசி வீதிகளில் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கு ஒரு நேரத்தில், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் வியர்க்கும், கை வலிக்கும், தேர் மட்டும் நகராது.

நம் இதயமும் அப்படித்தான். அதில் உள்ள தசை இழைகள் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து சுருங்கினால்தான் ரத்தம் உடல் முழுக்கப் பாயும். எப்போது சுருங்க வேண்டும் என்று சொல்வது, இதயத்துக்குள்ளேயே பிறக்கும் மிகச் சிறிய மின்துடிப்பு. வெளியிலிருந்து மின்சாரம் தாக்கும்போது அந்த ஒழுங்கு குலைந்துபோகலாம். அப்போது ஒவ்வோர் இழையும் தன் போக்கில் நடுங்கும். இதயம் வேலை செய்வது போலத் தோன்றும். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் கூட வெளியே போகாது. இந்த நடுக்கத்துக்கு ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மின்சாரம் தாக்கினால் மட்டுமல்ல, மாரடைப்பு போன்ற இதய நோயாலும் இந்த நடுக்கம் வரும்.

சரி, குழம்பிப்போன தேரை எப்படி நகர்த்துவது? எல்லோரும் ஒரு கணம் வடத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, மறுபடி ஒன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும். இதயத்துக்கும் அதே வைத்தியம்தான். பலமான ஒரு மின் அதிர்ச்சியைக் கொடுத்தால் நடுங்கும் இழைகள் எல்லாம் ஒரு கணம் ஓய்ந்துவிடும். பிறகு இதயம் தன் பழைய தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். உயிரைப் பறித்த மின்சாரமே உயிரைத் திருப்பித் தருகிறது!

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிரெவோ, பட்டெல்லி என்ற இரு அறிஞர்கள் 1899-இலேயே இதை நாய்களிடம் கண்டிருந்தார்கள். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவன்ஹோவன் குழுவினர் 1933-இல் நாய்களின் இதயத்தில் சோதித்து, இது உண்மைதான் என்று மறுபடி உறுதி செய்தார்கள். இன்று பிழைக்கும் மனிதர்களுக்காக அந்த வாயில்லா ஜீவன்கள் கொடுத்த விலையையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பிழைத்த பதினான்கு வயதுச் சிறுவன்

1947-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அது முடியும் நேரத்தில் அவன் இதயம் நடுங்கத் தொடங்கிவிட்டது. கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் அவன் மார்பைத் திறந்து, இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மின் அதிர்ச்சி கொடுத்தார். இதயம் துடித்தது, சிறுவன் பிழைத்து வீட்டுக்குப் போனான். இப்படி மின் அதிர்ச்சியால் காப்பாற்றப்பட்ட முதல் மனிதன், உங்கள் வயதை ஒத்த ஒரு பள்ளிப் பையன்தான்.

ஆனால் கவன்ஹோவன் மனத்தில் வேறொரு கவலை இருந்தது. ஆஸ்பத்திரியில் மார்பைத் திறக்கலாம். மின்கம்பத்தின் அடியில் விழுந்து கிடக்கும் தொழிலாளிக்கு அப்படிச் செய்ய முடியுமா? தெருவில் கத்தி உண்டா? டாக்டர் உண்டா? மார்பைத் திறக்காமலேயே இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஓய்வு பெறாத ஓய்வு

1954-இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 68. பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் வயது என்று நாம் நினைப்போம். அவரோ மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் ஓர் ஆய்வுக்கூடத்தைப் பெற்றுக்கொண்டு, தினமும் வேலைக்குப் போனார்! நாற்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், தன் வயதில் பாதி கூட ஆகாத இளம் மருத்துவர்களுடன் மாணவனைப் போல உட்கார்ந்து ஆராய்ந்தார்.

1956-இல் பாஸ்டன் நகரில் பால் சால் என்ற மருத்துவர், மார்பைத் திறக்காமல் அதிர்ச்சி கொடுத்து நோயாளியைக் காப்பாற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டே கவன்ஹோவனின் கருவியும் தயாராகிவிட்டது. அதன் பெயர் டிஃபிப்ரிலேட்டர். நடுக்கத்தை நீக்குவது என்று பொருள்.

1957 மார்ச் மாதத்தில் ஒரு நாள், நள்ளிரவுக்குப் பிறகு அந்த மருத்துவமனைக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தார். வந்ததும் விழுந்துவிட்டார், இதயம் நடுங்கியது. அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவருக்குக் கவன்ஹோவனின் கருவி நினைவுக்கு வந்தது. ஆனால் அது மேல்மாடியில், பூட்டிய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அவர் ஓடினார், காவலாளியிடம் கெஞ்சிக் கதவைத் திறக்கச் செய்தார், கனமான அந்தக் கருவியைக் கீழே கொண்டுவந்தார். அந்த நோயாளி பிழைத்தார்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு பாடம் இருக்கிறது. கருவி இருந்தால் மட்டும் போதாது. அது பூட்டிய அறையில் இருந்தால் இல்லாததற்குச் சமம். ஆபத்து வந்த இடத்தில், கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

மாணவன் கண்ட புதுமை

கவன்ஹோவனிடம் கை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் ஆய்வு மாணவராக இருந்தார். அவரும் மின் பொறியியல் படித்தவர்தான். 1958-இல் அவர் ஒன்றைக் கவனித்தார். கருவியின் கனமான செம்புத் தகடுகளை நாயின் மார்பில் அழுத்தி வைக்கும்போது, மின்சாரம் கொடுக்கும் முன்பே ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது! வெறுமனே அழுத்தினாலே ரத்தம் ஓடுகிறதா? அவருக்கு வியப்பு தாங்கவில்லை.

வேறு ஒருவராக இருந்தால், அளக்கும் கருவியில் ஏதோ தவறு என்று விட்டிருப்பார். நிக்கர்பாக்கர் விடவில்லை. பேராசிரியரிடம் சொன்னார். அவரும் மாணவன் சொல்வதுதானே என்று ஒதுக்கவில்லை. ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்துகொண்டார். மூவரும் மார்பில் எந்த இடத்தில் அழுத்துவது, எவ்வளவு ஆழம் அழுத்துவது, எவ்வளவு வேகத்தில் அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

ஒரு முறை, மேல்மாடியில் ஆய்வு நடந்தபோது ஒரு நாயின் இதயம் நடுங்கத் தொடங்கியது. அதிர்ச்சி கொடுக்கும் கருவியோ பல மாடிகளுக்குக் கீழே இருந்தது. மின்தூக்கி மெதுவாகத்தான் நகரும். கருவி வந்து சேரும்வரை, இருபது நிமிடங்களுக்கு மேல், மாறி மாறி நாயின் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். கருவி வந்து அதிர்ச்சி கொடுத்ததும் நாய் எழுந்துகொண்டது!

இதன் பொருள் என்ன? கருவி வரும்வரை கை காப்பாற்றும். இதயம் நின்றாலும், அதை வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை மூளைக்கு அனுப்பலாம்.

1959 ஜூலையில் இது மனிதரிடம் சோதிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் இதயம் நின்றுவிட்டது. முன்பெல்லாம் உடனே மார்பைக் கிழித்திருப்பார்கள். ஜூட் அப்படிச் செய்யவில்லை. இரு கைகளாலும் மார்பை அழுத்தினார். சில நிமிடங்களில் இதயம் துடித்தது. அந்தப் பெண் பிழைத்தார்.

1960 ஜூலை 9-ஆம் நாள், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். இப்படிச் சிகிச்சை பெற்ற 20 பேரில் 14 பேர் பிழைத்ததாக அதில் தெரிவித்தார்கள். இதைச் செய்யக் கருவி தேவையில்லை, இரண்டு கைகள் இருந்தால் போதும். யாரும், எங்கும் தொடங்கலாம் என்பதே அதன் சாரம். அதே காலத்தில், அதே பால்டிமோர் நகரில் பீட்டர் சேஃபர் என்ற மருத்துவர், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையை ஆராய்ந்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் கேள்விப்படும் சி.பி.ஆர். எனும் உயிர்மீட்பு முதலுதவி.

பொம்மைக்காரரின் உதவி

கண்டுபிடித்தால் போதுமா? ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டுமே! நல்ல மனிதர் மேல் அழுத்திப் பழக முடியாது, அது ஆபத்து. நார்வே நாட்டில் ஆஸ்முண்ட் லார்டால் என்பவர் பொம்மைகள் செய்து விற்று வந்தார். அவர் 1960-இல் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்தார். அதன் மேல் முதலுதவியைப் பழகலாம்! அதற்கு ஆனி என்று பெயர் வைத்தார். 1961-லேயே நார்வே பள்ளிகளில் மூச்சு ஊதும் முதலுதவியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

மற்றொரு பக்கம், கருவியும் மாறியது. 1965-இல் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர், கார் பேட்டரியில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை 70 கிலோ! இன்று அதே வேலையைச் செய்யும் ஏ.இ.டி. என்ற பெட்டியை ஒரு மாணவனே ஒரு கையில் தூக்கிவிடலாம். ஒட்டுத் தகடுகளை மார்பில் ஒட்டினால் போதும். இதயம் நடுங்குகிறதா என்று பெட்டியே பார்க்கும். அடுத்து என்ன செய்வது என்று குரலிலேயே சொல்லும். தேவை இல்லாவிட்டால் அதிர்ச்சி கொடுக்காது.

கவன்ஹோவனுக்குப் பெருமைகள் தேடி வந்தன. 1961-இல் மின் பொறியியலுக்கான எடிசன் பதக்கம் கிடைத்தது. 1969-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரியில் படிக்காத அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. 1973-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது பெற்றார். 1975-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் காலமானார்.

நம் ஊரில் நாம்

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு திட்டத்துக்கு ஆதரவு அளித்தது. 12 வயது முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இந்த முதலுதவியைக் கற்பிக்க வேண்டும் என்பதே அது. ஆண்டுக்கு இரண்டே மணி நேரம்! இங்கிலாந்தில் ஏ.இ.டி. இல்லாத அரசுப் பள்ளிகளுக்கு அவற்றை வழங்கும் பணி 2023-இல் முடிந்தது. நம் நாட்டின் மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல், பயிற்சி இல்லாத பொதுமக்களும் செய்யும்படி, மார்பை அழுத்துவதை மட்டும் கொண்ட எளிய முறையை வகுத்துத் தந்தார்கள்.

நமக்கு இது ஏன் அவசியம்? தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நல்ல சேவை. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலோ, மேலூர்ப் பக்கத்து வயல்காட்டிலோ ஒருவர் விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸ் வந்து சேரச் சில நிமிடங்களாவது ஆகும். அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வர இன்னும் நேரம் ஆகும். மூளையோ ரத்தம் இல்லாமல் நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது. உதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. ஆகவே முதல் சில நிமிடங்கள் டாக்டர் கையில் இல்லை; பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இருப்பவர் நீங்களாகவும் இருக்கலாம். எனவே இவற்றை நினைவில் வையுங்கள்:

1. விழுந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். பேச்சு இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். இடையிடையே வரும் திணறல், மூச்சு ஆகாது.

2. உரக்கக் கத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 108-ஐ அழைத்து, ஊர், தெரு, பக்கத்தில் உள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையும் இதைச் செய்யலாம்.

3. கடினமான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, நேராக அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு மேலே எழும்ப இடம் விட வேண்டும். களைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். அருகில் ஏ.இ.டி. இருந்தால் ஒருவர் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும்.

4. மின்சாரம் தாக்கியவரை, மெயின் சுவிட்சை அணைக்கும் முன் தொடவே கூடாது. தெருவிலோ வயலிலோ கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகக் கூடாது. பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

5. விளையாட்டாகக் கூட நண்பன் மார்பில் அழுத்திப் பழகாதீர்கள். பொம்மையில், தெரிந்தவர் முன்னிலையில்தான் பழக வேண்டும்.

ஏ.இ.டி. விலை அதிகம். எல்லாப் பள்ளிகளும் உடனே வாங்கிவிட முடியாது. ஆனால் பயிற்சிக்கு அவ்வளவு செலவில்லை. உங்கள் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம், என்.சி.சி. இவற்றுள் ஒன்றாவது இருக்கும். விளையாட்டு விழா வருவதற்கு முன், இதய முதலுதவிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கவன்ஹோவன் டாக்டர் அல்ல. நிக்கர்பாக்கர் அப்போது ஒரு மாணவர்தான். லார்டால் பொம்மைக்காரர். ஆனாலும் அவர்களால் இன்று உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். இது என் வேலை இல்லை என்று அவர்கள் யாரும் ஒதுங்கவில்லை. நாளைக்கு நம் கண் முன்னே ஒருவர் விழுந்தால், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நாமும் ஒருவராக நிற்க வேண்டாம். கற்றுக்கொள்வோம், கை கொடுப்போம்!